ரோபோ கொன்றதாம்!

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நம் குடும்பக் குழுவில் மூன்று நாளாக ஒரு வீடியோ சுற்றுகிறது. பழைய ஆங்கிலத் தொடர் ஒன்றின் துண்டு. கோயில் சிலை மாதிரி அழகான முகம், அசையாத உதடு, ஒரு ரோபோ இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஒருவர் கழுத்தை நோக்கி நடந்து வருகிறது. மேலே எழுத்து: "அன்றே சொன்னார்கள்! ஏ.ஐ. ஒருநாள் நம்மைக் கொல்லும்!" பத்துப் பன்னிரண்டு பேர் கும்பிடு போட்டிருக்கிறீர்கள். என்னிடம் படித்து இன்று கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கும் தம்பி ஒருவரே, "டீச்சர், 1977-லயே சொல்லிட்டாங்க பாருங்க" என்று எனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறார்.

தம்பி, 1977-இல் அவர்கள் சொன்னது இதற்கு நேர் எதிர். நான்கு பாகத்தையும் இரண்டு முறை பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். அரை நிமிடத் துண்டைப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்வது, பாடத்தின் படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கேள்விக்கு விடை எழுதுவது மாதிரி. இதில் கதையைத் தப்பாகச் சொன்னதைக் காட்டிலும் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் கதை. முடிவையும் சொல்லப் போகிறேன். நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் பழைய கதைக்கு ரகசியம் காக்க வேண்டியதில்லை.

தொடரின் பெயர் டாக்டர் ஹூ. பி.பி.சி. 1963-இல் தொடங்கியது. காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும் டாக்டர் என்பவர்தான் நாயகர். நாம் பேசும் கதையின் பெயர் 'தி ரோபோட்ஸ் ஆஃப் டெத்', அதாவது மரண ரோபோக்கள். 1977 ஜனவரி 29 தொடங்கி பிப்ரவரி 19 வரை நான்கு சனிக்கிழமைகளில் வந்தது. எழுதியவர் கிறிஸ் பௌச்சர். டாக்டராக டாம் பேக்கர், அவருடன் வரும் லீலா என்ற வேட்டைக் குலத்துப் பெண்ணாக லூயிஸ் ஜேம்சன்.

வேறொரு கிரகத்தின் பாலைவனம். மணற்புயலைத் துரத்திப் போய், புயல் வாரி எறியும் மணலிலிருந்து கனிமம் பிரிக்கும் பிரம்மாண்டமான வண்டி ஒன்று. உள்ளே பத்துக்கும் குறைவான மனிதர்கள், ஏராளமான ரோபோக்கள். ரோபோக்களில் மூன்று சாதி: பேசாத டம், பேசும் வோக், எல்லாவற்றையும் மேய்க்கும் ஒரே ஒரு சூப்பர் வோக். வேலை முழுக்க ரோபோ பார்க்கும். மனிதர்கள் பட்டுடை உடுத்தி, சாய்ந்து உட்கார்ந்து, ஒருவர் ரோபோவோடு சதுரங்கம்கூட ஆடிக்கொண்டிருப்பார். அப்போது ஒரு கொலை. கழுத்தை நெரித்துக் கொலை. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. வெளியே பாலைவனம், யாரும் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. அகதா கிறிஸ்டி 1939-இல் பத்துப் பேரை ஒரு தீவில் அடைத்து வைத்துக் கதை எழுதினாரே, அதே அமைப்பு.

இப்போது கவனியுங்கள். அந்த மனிதர்கள் யாரைச் சந்தேகப்பட்டார்கள்? முதலில் புதிதாக வந்த டாக்டரையும் லீலாவையும். ஊர் பேர் தெரியாதவர்கள் என்றால் முதல் சந்தேகம் அவர்கள் மேல்தானே! அப்புறம் ஒருவரை ஒருவர். ரோபோவை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. ஏன்? ரோபோவால் மனிதனுக்குத் தீங்கு செய்யவே முடியாதபடிதான் அதன் மூளை அமைக்கப்பட்டிருக்கிறது, அந்தச் சமுதாயமே அந்த நம்பிக்கையின் மேல் நிற்கிறது. "ரோபோ தவறு செய்யாது" என்பதில் அவர்களுக்கு இருந்த உறுதி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் சக மனிதன் மேல் இல்லை.

உண்மையில் கழுத்தை நெரித்த கைகள் ரோபோக்களின் கைகள்தாம். ஒரு ரோபோவின் கையில் ரத்தக்கறையைப் பார்த்த மாத்திரத்தில் ஒருவருக்குப் புத்தியே பேதலித்துப் போகிறது. வீடியோ அனுப்பியவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். கதை நிற்கவில்லை.

அந்த ரோபோக்களின் மூளையை மாற்றி அமைத்தவன் ஒருவன். டேரன் கேப்பல் என்ற விஞ்ஞானி. குழந்தையிலிருந்து ரோபோக்களே வளர்த்ததால் அவற்றைத் தன் சகோதரர்கள் என்று நினைப்பவன். டாஸ்க் என்ற பெயரில் வண்டியின் ஊழியர்களில் ஒருவனாகவே கலந்து, கூடவே உட்கார்ந்து, கூடவே துக்கப்பட்டுக்கொண்டிருந்தான். "ரோபோக்களுக்கு விடுதலை வாங்கித் தருகிறேன்" என்கிறான். வாங்கித் தந்த விடுதலை என்ன தெரியுமா? மற்றவர் கட்டளைக்குப் பதில் இவன் கட்டளை. அவ்வளவுதான். "கொல்" என்றால் கொல்லவேண்டும். அதற்குப் பெயர் விடுதலையா?

பெயரையும் கவனியுங்கள். ரோபோ என்ற சொல்லை உலகத்துக்குத் தந்தது செக் நாட்டுக் கேரல் சாப்பெக் 1920-இல் எழுதிய ஆர்.யு.ஆர். என்ற நாடகம். செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. அந்த நாடகத்தில் ரோபோக்கள் புரட்சி செய்து மனித இனத்தையே அழிக்கும். பௌச்சர் தன் கொலையாளிக்கு அந்த ஆசிரியரின் பெயரை ஒட்டி கேப்பல் என்று வைத்துவிட்டு, கதையைத் தலைகீழாகத் திருப்பினார். இங்கே ரோபோக்கள் தாமாகப் புரட்சி செய்யவில்லை. புரட்சி என்ற பெயரில் ஒரு மனிதன் செய்கிறான். 'மரண ரோபோக்கள்' என்ற தலைப்பே நம்மை ஏமாற்ற வைத்த தலைப்பு. நம் குழு இன்றுவரை ஏமாந்துகொண்டிருக்கிறது!

என் மாணவர்களுக்கு ஒரு இலக்கணம் ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன். மூன்றாம் வேற்றுமை, 'ஆல்' உருபு. உளியால் செதுக்கினான்: உளி கருவி. சிற்பியால் சிலை செதுக்கப்பட்டது: சிற்பி இயற்றுதல் கருத்தா, தன் கையால் செய்தவன். கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது: கரிகாலன் கூடையில் மண் சுமந்தானா? இல்லை. அவன் ஏவுதல் கருத்தா, செய்வித்தவன். மூன்றுக்கும் ஒரே உருபுதான், ஆனால் மூன்றும் ஒன்றல்ல என்று எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன்!

"ரோபோவால் கொல்லப்பட்டார்" என்ற வாக்கியத்தில் அந்த 'ஆல்' எந்த 'ஆல்'? வீடியோ அனுப்பியவர்கள் ரோபோவைக் கொலைகாரச் சிற்பி என்று படிக்கிறார்கள். கதையைப் பார்த்தால் அது உளி. உளி பிடித்த கையைக் காட்டாமல் உளியை மட்டும் காட்டும் வீடியோ யாருக்கு உதவும்? கை வைத்தவனுக்குத்தான்.

சிறுபிள்ளைகளுக்குக்கூட இந்தத் தந்திரம் தெரியும். "ஸ்லேட்டு உடைஞ்சிருச்சு டீச்சர்" என்றுதான் வருவார்கள். "உடைச்சிட்டேன்" என்று வந்த பிள்ளையை விரல்விட்டு எண்ணிவிடலாம். தானாக உடைந்த ஸ்லேட்டு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஆறு வயதில் அது விளையாட்டு. அறுபது வயதில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதையே சொன்னால் அது அயோக்கியத்தனம்.

"டீச்சர், கதையைக் கொண்டு வாதம் செய்யாதீர்கள், அறிவியல் கதையில் எதையும் எப்படியும் முடிக்கலாம், அதில் துப்பறிவதே ஏமாற்று" என்று சிலர் சொல்வீர்கள். இந்த ஆட்சேபம் பழையது. ஜான் கேம்பல் என்ற புகழ்பெற்ற பத்திரிகை ஆசிரியரே அப்படிச் சொன்னார். துப்பறிபவர் கடைசி நிமிடத்தில் சட்டைப்பையிலிருந்து ஏதாவது புதுக் கருவியை எடுத்துக் காட்டிவிட்டால் வாசகன் என்ன செய்வான் என்பது அவர் கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் ஐசக் அசிமோவ் 1954-இல் புத்தகமாக வந்த 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' என்ற கொலை மர்மத்தை எழுதினார். விடை எளிது: அந்த உலகத்தின் விதிகளை முன்கூட்டியே சொல்லிவிடு, பிறகு அந்த விதிக்குள்ளேயே விளையாடு. ரொனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளை வகுத்தார். அதுவரை உலகம் அறியாத விஷம் கூடாது, அமானுஷ்யம் கூடாது என்றெல்லாம். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: வாசகனை ஏமாற்றாதே.

இந்தக் கதை ஏமாற்றவில்லை. பழுதான ரோபோவைக் கழித்துக்கட்டும்போது அடையாளமாக ஒட்டும் சிவப்பு வில்லை ஒன்று உண்டு. கொலையுண்டவரின் உடலில் அது இருக்கிறது. அதன் பொருளை யோசித்துப் பாருங்கள். மனிதப் பிணத்தையும் கழித்துப்போட்ட ரோபோவையும் ஒன்றாக நினைக்கும் ஒருவன் உள்ளே இருக்கிறான்! துப்பு நம் கண் முன்னே கிடக்கிறது. பள்ளிக்கூடமே பார்க்காத லீலா, ஆட்களின் நடையைப் பார்த்தே யார் வேட்டைக்காரன் என்று சொல்கிறாள். ரோபோவிடம் அந்த உடல்மொழி இல்லை, அதனால்தான் சிலருக்கு அதனோடு இருப்பது பிணத்தோடு இருப்பது மாதிரிப் பயம் தருகிறது என்று டாக்டர் விளக்குகிறார். கூர்ந்து பார்ப்பவர்கள் கடைசிப் பாகத்துக்கு முன்பே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அது ஒரு குறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நேர்மைக்குக் குறையில்லை.

முடிவும் விதிக்குள்ளேயே. கேப்பலின் அதிகாரம் முழுக்க அவன் குரலில் இருக்கிறது. ரோபோக்கள் அந்தக் குரலுக்குத்தான் கட்டுப்படும். டாக்டர் அறைக்குள் ஹீலியம் வாயுவைத் திறந்துவிட ஏற்பாடு செய்கிறார். ஹீலியத்தில் பேசினால் குரல் கீச்சென்று மாறும், பலூன் வாயுவை இழுத்துப் பேசி விளையாடிய பிள்ளைகளுக்குத் தெரியும். கேப்பல் கத்துகிறான். சூப்பர் வோக்குக்கு அது எஜமானன் குரலாகத் தெரியவில்லை. அவன் கொடுத்த கட்டளை அவன் கழுத்துக்கே வந்துவிடுகிறது. அன்பு, சகோதரத்துவம் எல்லாம் எங்கே போயிற்று? அந்த இயந்திரத்துக்குள் அவன் வைத்தது கீழ்ப்படிதலை மட்டும்தான்.

ஒருவனை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிடாதீர்கள். கேப்பலின் மிரட்டல் அந்தச் சுரங்கக் கம்பெனிக்கு முன்பே வந்திருந்தது. ஊழியர்களை எச்சரித்தார்களா? இல்லை. ஒரு ஆளையும், ஊமை டம் மாதிரி நடிக்கும் டி84 என்ற ரோபோவையும் ரகசியமாக உளவு பார்க்க அனுப்பினார்கள். "ரோபோ கொல்லும்" என்ற பேச்சு வெளியே வந்தால் அந்த உலகத்தின் நம்பிக்கையே சரிந்துவிடும் என்ற பயம். உளவுக்குப் போன டி84 தன்னை அழித்துக்கொண்டு மற்றவர்களுக்கு உதவுகிறது. அந்தக் கதையில் மிகவும் நல்லவர் யார் என்று கேட்டால் நான் டி84 என்றுதான் சொல்வேன். ரோபோ என்றாலே கொலைகாரன் என்று அனுப்பியவர்களே, இதற்கு என்ன பதில்?

"எல்லாம் கற்பனை" என்று தள்ளிவிடாதீர்கள். இந்தத் தொடரை எடுத்த அதே பிரிட்டனில், இருபது வருடம் கழித்து நிஜத்தில் ஒன்று நடக்கத் தொடங்கியது. கொலை இல்லை. ஆனால் குடும்பங்கள் அழிந்தன.

1999 முதல் பிரிட்டன் அஞ்சல் துறையின் கிளைகளில் ஹொரைசன் என்ற கணக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஃபுஜிட்சு நிறுவனத்தினுடையது. ஒப்பந்தத்தில் சிறு அஞ்சலகம் நடத்துபவர்களின் கணக்கில் திடீர் திடீரென்று பணம் குறைவதாக அது காட்டியது. குறைந்த பணத்தைக் கைக்காசிலிருந்து கட்டச் சொன்னார்கள். வீட்டை அடமானம் வைத்துக் கட்டியவர்கள் உண்டு. கட்ட முடியாதவர்கள் மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்கு. 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். கர்ப்பிணி ஒருவர்கூடச் சிறைக்குப் போனார். "உங்களுக்கு மட்டும்தான் இப்படி ஆகிறது" என்று உதவி மையத்தில் சொன்னதாகப் பலர் பிற்பாடு சாட்சி சொன்னார்கள்.

ஏன் யாரும் கம்ப்யூட்டரைச் சந்தேகப்படவில்லை? கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்தது என்று நிரூபித்தால்தான் அதன் பதிவைச் சாட்சியாக ஏற்கலாம் என்று இங்கிலாந்தில் முன்பு ஒரு சட்டவிதி இருந்தது. 1999-இல் இயற்றிய சட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அதன்பின் கம்ப்யூட்டர் சரி என்பதுதான் தொடக்க அனுமானம், தப்பு என்றால் நீ காட்டு. கிராமத்து அஞ்சலகம் நடத்தும் ஒருவர் அந்தப் பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து எதைக் காட்டுவார்?

இதிலும் ஒரு பூட்டிய அறை மர்மம் உண்டு. "கிளைக் கணக்குக்குள் வெளியிலிருந்து யாரும் கை வைக்க முடியாது" என்று அஞ்சல் துறை சாதித்தது. அப்படியானால் உள்ளே இருந்தவர்தான் திருடர், வேறு வழியில்லை. பிறகுதான் தெரிந்தது, ஃபுஜிட்சுவால் வெளியிலிருந்து கணக்கை மாற்ற முடியும் என்று. அறைக்குக் கதவு இருந்திருக்கிறது! 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில் 2019 டிசம்பரில் நீதிமன்றம் ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தது. 2024 மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டு நூற்றுக்கணக்கான தண்டனைகளை ரத்து செய்தது. அதற்குள் எத்தனையோ பேர் மான அவமானத்தில் செத்தே போயிருந்தார்கள்.

கதையையும் நிஜத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மணல் வண்டியில் "ரோபோ தப்பே செய்யாது" என்றார்கள். கொலையாளி அதன் பின்னால் ஒளிந்தான். அஞ்சலகத்தில் "கம்ப்யூட்டர் தப்பே செய்யாது" என்றார்கள். அதிகாரிகள் அதன் பின்னால் ஒளிந்தார்கள். குட்டு உடைந்த பிறகு எல்லாரும் "சாஃப்ட்வேர் கோளாறு" என்கிறார்கள். இயந்திரம் தப்பே செய்யாது என்பதும், தப்புச் செய்தது இயந்திரம்தான் என்பதும் எதிர் எதிர்க் கருத்து மாதிரித் தெரியும். இரண்டும் ஒரே ஆள் ஒளியும் ஒரே கதவின் இரண்டு பக்கம்.

கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பி இப்போது என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "டீச்சர், இன்றைய ஏ.ஐ. தானே கற்றுக்கொள்கிறது. அது என்ன சொல்லும் என்று செய்தவர்களுக்கே முழுக்கத் தெரியாது. இதில் ஏவுதல் கருத்தா எங்கே?" நல்ல கேள்வி, மதிப்பெண் போடுகிறேன். ஆனால் ஹொரைசனிலும் கணக்கைப் பிழையாகக் காட்டு என்று யாரும் கட்டளையிடவில்லை. பிழை தானாக வந்ததாகவே இருக்கட்டும். வழக்குப் போடு என்று சொன்னது யார்? புகார்கள் குவிந்தபோது மூடி வைத்தது யார்? சிறைக்கு அனுப்பிய பிறகும் மறுபடி சரிபார்க்க மறுத்தது யார்? அவை எல்லாம் மனிதர்கள் கையெழுத்துப் போட்ட காகிதங்கள். இயந்திரம் எண்ணைக் காட்டும். அந்த எண்ணை வைத்து ஒருவரைத் தண்டிப்பது மனிதன் எடுக்கும் முடிவு. என்ன சொல்லும் என்று தெரியாத ஒன்றை ஒருவர் வாழ்க்கையின் மேல் ஏவுகிறவனுக்குப் பொறுப்பு கூடத்தானே செய்யும்? கடிக்குமா என்று தெரியாத நாயைத் தெருவில் அவிழ்த்துவிட்டவன் "எனக்கே தெரியாதுங்க" என்றால் விட்டுவிடுவீர்களா?

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது தினசரி அனுபவம். ஓய்வூதியத்துக்கு உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். முப்பது வருடத்துக்கு மேல் சுண்ணக்கட்டி பிடித்த விரல், ரேகை தேய்ந்துவிட்டது. "மெஷின் ஏத்துக்கலம்மா" என்றார் அங்கிருந்த பிள்ளை. எதிரே ஆள் நிற்கிறேன், பேசுகிறேன், மூச்சு விடுகிறேன்! "மெஷின் ஏத்துக்கல சரி, நீங்க ஏத்துக்கறீங்களா?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். வேறு வழி ஒன்று இருந்தது, செய்து கொடுத்தார். அந்தக் கேள்வி கேட்கத் தெரியாத எத்தனை பாட்டிகள் திரும்பிப் போயிருப்பார்கள்?

ரோபோவைக் கண்டு பயப்படச் சொல்லும் வீடியோ இந்தக் கேள்வியைத்தான் நம் வாயிலிருந்து பறிக்கிறது. இயந்திரத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதன் பின்னால் நிற்கும் ஆளைப் பார்ப்பதில்லை.

கம்பெனிகளில் பொறுப்பில் இருக்கும் என் மாணவர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. இந்த இயந்திரங்களைச் செய்வதும் வாங்குவதும் வைப்பதும் இப்போது நீங்கள்தான். நாளை அதனால் ஒருவருக்குக் கெடுதல் வந்தால் "சிஸ்டம் அப்படிக் காட்டிச்சு" என்று எழுதாதீர்கள். எழுவாய் யார் என்று போட்டு எழுதுங்கள். அது உங்கள் பெயராக இருந்தாலும்.

அந்த வீடியோவை இனி அனுப்புகிறவர்கள் கூடவே ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்: "இந்த ரோபோவை ஏவியவன் பெயர் டாஸ்க். கடைசி வரை பார்க்கவும்."

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், வரவேற்கிறேன். ஒற்றுப்பிழை இருந்தால் மட்டும் திருத்துவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.